பரிசல் தூண்டிலுக்கு எவ்வளவு குண்டு? ஏழு முழத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கம்பி

கருமத்தம்பட்டி, அவிநாசி, அன்னூர் வட்டார விவசாயிகளிடம் சில ஆண்டுகளுக்கு முன் பரிசலில் போய்த் தூண்டில் போடுவதைப் பற்றிப் பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள். குளத்தில் தண்ணீரே இல்லாதபோது பரிசல் எதற்கு? அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிறகு அந்தப் பேச்சு மாறியிருக்கிறது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. அளவை நீரேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்வது இந்தத் திட்டம். நீர் வந்த குளங்களில் மீனும் வருகிறது. மீன் வந்தால் குத்தகை, குத்தகை வந்தால் வலையும் தூண்டிலும் பரிசலும் தாமாகவே வந்து சேரும்.

இதில் வலையைப் பற்றிச் சொல்லித் தருவதற்கு ஆட்கள் உண்டு. தூண்டிலில் கட்டும் குண்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கையில் கிடைத்த ஈயத்தைக் கட்டி விடுவதே வழக்கமாக உள்ளது. குண்டு இலேசாக இருந்தால் இரை மீன் இல்லாத நடுநீரில் மிதக்கும். கனமாக இருந்தால் சேற்றில் புதைந்து, அடியிலுள்ள கட்டைகளில் சிக்கி, நரம்பும் முள்ளும் சேர்ந்து போகும். இவை பண நட்டம் மட்டுமே. அந்த ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவதால் வரும் நட்டம் வேறு வகையானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மீனுக்கு இந்த முறை?

முதலில் இதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நகரும் பரிசலிலிருந்து அடிமட்டத்தை ஒட்டி இரையை இழுத்துச் செல்லும் முறை, ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கும் மீன்களுக்கு உரியது. நம் பக்கத்தில் வாளையும் கெளுத்தி வகைகளும் அப்படிப்பட்டவை. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும் மேயும். மிருகாலும் சாதாக் கெண்டையும் அடியில்தான் மேய்கின்றன என்றாலும், அவை இரையைத் துரத்துவதில்லை. அவற்றுக்கு ஓரிடத்தில் இரை தூவி, அசையாமல் தூண்டில் வைப்பதே மேல். விரால் கரையோரச் செடிகொடிகளுக்குள் இருக்கும். அங்கே அடிக்குண்டை இழுத்தால் பாசிதான் அள்ளி வரும்.

பண்ணைக் குட்டையில் பாலித்தீன் விரிப்புப் போட்டிருப்பவர்கள் இந்த முறையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஒரு முள் இழுபட்டால் விரிப்பு கிழிந்து, தேக்கிய நீர் அத்தனையும் இறங்கிவிடும்.

நகரக் கழிவுநீர் கலக்கும் நொய்யல் குளங்களிலும் இது பலன் தராது. அங்கே அடியில் அழுகும் கசடு பிராணவாயுவைத் தின்றுவிடுவதால், மீன்கள் அடிமட்டத்தை விட்டு மேலே நிற்கும். அத்தகைய குளத்து மீனை உண்ணலாமா என்பது தனியாக எழுத வேண்டிய சங்கதி. நான் வாங்க மாட்டேன்.

குண்டின் எடை

வட அமெரிக்க ஏரிகளில் அடிமட்ட மீன்களுக்குப் 'பாட்டம் பவுன்சர்' என்ற கம்பிக் குண்டை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அடியைத் தட்டித் தட்டித் தத்திச் செல்வதால் அந்தப் பெயர். நாம் அதைத் தத்துக்குண்டு என்போம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பத்தடி ஆழத்துக்கு ஒரு அவுன்சு ஈயம் என்பது. ஒரு அவுன்சு ஏறத்தாழ 28 கிராம். 30 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் ஒரு முழம் ஒன்றரை அடி. ஆகவே முழத்துக்கு நாலரை கிராம் என்று மனத்தில் வைத்தால் போதும். ஏழு முழம் ஆழத்துக்கு 30 கிராம், பதினான்கு முழத்துக்கு 60 கிராம், இருபத்தொரு முழத்துக்கு 90 கிராம்.

இது மெல்லிய தங்கூசி நரம்புக்கும், மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கும் சொன்ன கணக்கு. தடித்த கயிறானால் தண்ணீர் அதைப் பிடித்துத் தூக்கும். கால்பங்கு எடை கூட்டிப் பார்க்க வேண்டும். காற்று தள்ளிப் பரிசல் விரைந்தாலும் அப்படியே.

ஆழத்தை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சணல் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினால் போதும். அணைகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவானிசாகர் 105 அடி, ஆழியாறு 120 அடி, அமராவதி 90 அடி என்று செய்தித்தாளில் வரும் எண்கள் அணையின் நீர்மட்டக் கணக்கு. அது பரிசல் நிற்கும் இடத்தின் ஆழம் அல்ல. பரிசல் போகும் ஓரப்பகுதிகளில் பதினைந்து, இருபது முழமே இருக்கலாம். செய்தியில் கண்ட எண்ணை நம்பிக் கால் கிலோ குண்டு கட்டுவோர் சேற்றையே உழுகிறார்கள்.

எடை சரிதானா என்பதை நரம்பின் சாய்வு சொல்லிவிடும். நரம்பு செங்குத்தாக இறங்கினால் குண்டு தேவைக்கு மேல் கனம். படுத்துக்கொண்டு பின்னால் நீண்டால் இலேசு, அல்லது பரிசல் வேகம் அதிகம். செங்குத்துக்கும் நீர்மட்டத்துக்கும் சரிபாதியில் சாய்ந்திருப்பதே சரியான நிலை. கண்ணால் மதிப்பிடத் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஐந்து முழத்துக்கு ஒன்றாக நரம்பில் வண்ண நூல் கட்டி வையுங்கள். ஆழத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் வீசம் அல்ல, ஒன்று புள்ளி நான்கு மடங்கு நரம்பு வெளியே போயிருக்க வேண்டும். அதாவது பதினான்கு முழம் ஆழமென்றால் இருபது முழம் நரம்பு. இருபது முழம் விட்டும் அடி தட்டவில்லையானால் குண்டைக் கூட்டுங்கள்; நரம்பை மேலும் விடாதீர்கள். நரம்பு நீள நீள, மீன் கடிப்பது கைக்குத் தெரியாமல் போகும்.

கம்பி செய்யும் முறை

வெறும் உருண்டைக் குண்டை அடியில் இழுத்தால் கல்லிடுக்கில் மாட்டும். நம் குளங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த குளங்களில் சீமைக்கருவேல் காடாக வளர்ந்திருந்தது. வெட்டிய இடங்களில் அடிக்கட்டை நிற்கிறது, வெட்டாத இடங்களில் மரமே முள்ளோடு முழுகிக் கிடக்கிறது. தத்துக்குண்டின் கம்பி உதவுவது இங்கேதான்.

பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்று போதும். ஏறத்தாழ ஒரு அடி நீளமிருக்கும். மூன்றில் ஒரு பங்கில் வளைத்து, வளைவில் ஒரு சிறு கண் சுற்றிக்கொள்ள வேண்டும். பரிசலிலிருந்து வரும் நரம்பை இந்தக் கண்ணில் கட்ட வேண்டும். நீண்ட கை கீழ்நோக்கித் தொங்கும், அதில்தான் குண்டு. குட்டைக் கை பின்னோக்கி நிற்கும். அதன் நுனியில் இன்னொரு கண் சுற்றி, சுழல் வளையம் மாட்டி, இரண்டு முதல் நான்கு முழ நரம்பில் முள்ளைக் கட்ட வேண்டும். குண்டு கம்பியின் நுனியில் இருக்கக் கூடாது. நுனியிலிருந்து நான்கு விரல்கடை மேலே இருக்க வேண்டும். அப்போது குண்டு தரையைத் தொடாது. கம்பியின் நுனி மட்டுமே குருடர் கைத்தடி போலத் தட்டித் தட்டிப் போகும். கட்டை வந்தால் கம்பி சாய்ந்து ஏறி இறங்கிவிடும். 90 கிராமுக்கு மேல் கட்டுவதானால் போக்ஸ் கம்பி வளையும். மூன்று மில்லிமீட்டர் கம்பியாக எடுத்துக்கொள்ளவும்.

முள் கட்டும் நரம்பு, மேல் நரம்பைவிட மெலிந்ததாக இருக்கட்டும். முள் எங்காவது மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறும். கம்பியும் குண்டும் திரும்பி வரும். கட்டைகள் அதிகமுள்ள குளத்தில் முள் நரம்பை இரண்டு முழத்துக்கு மேல் விடக் கூடாது. கம்பியே சிக்கிக்கொண்டால் முன்பக்கம் நின்று இழுப்பதால் இறுகத்தான் செய்யும். பரிசலைச் சிக்கிய இடத்துக்கு அப்பால், வந்த திசைக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஈயம் வேண்டாம்

ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். விறகடுப்பே போதும். பழைய டிராக்டர் பாட்டரியை உடைத்து, தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, மணல் குழியில் ஊற்றினால் குண்டு தயார். இது இலவசம் போலத் தோன்றும். உண்மையில் இதைவிட விலை கூடிய குண்டு கிடையாது.

பாட்டரித் தகட்டில் இருப்பது கட்டி ஈயம் மட்டுமல்ல. ஈயக் கூட்டுப்பொருள்களின் பசையும் உண்டு. உடைக்கும்போது அது நுண்தூளாகப் பறக்கும். உருக்கும்போது மேலே படியும் கசடும் தூள்தான். இந்தத் தூள் துணியிலும், முற்றத்து மண்ணிலும், தானியம் காயும் களத்திலும் படிகிறது. தவழும் குழந்தை மண்ணைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். இரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளுக்குச் சோகை, வயிற்றுவலி, பசியின்மை வரும்; மூளை வளர்ச்சி குன்றும். குன்றிய மூளையைத் திரும்ப வளர்க்கும் மருந்து இல்லை. பையன் படிப்பில் மந்தம் என்று வாத்தியாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், காரணம் முற்றத்து மண்ணில் இருக்கக்கூடும்.

கால்நடைகளும் தப்புவதில்லை. உடைத்த பாட்டரியை நக்கிய மாடு பல்லை நறநறவென்று கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும். வெறிநோய் என்று நினைத்து விடுகிறார்கள். கோழிக்கும் வாத்துக்கும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. தீவனத்தை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்குவது அவற்றின் வழக்கம். கரையில் சிந்திய சிறு ஈயக் குண்டும் கல்லோடு கல்லாக உள்ளே போய், இரைப்பையில் அரைபட்டுக் கரைகிறது. இறக்கை தொங்கி, பச்சையாகக் கழிந்து, மெலிந்து சாகும்.

இங்கிலாந்தில் தேம்சு போன்ற ஆறுகளில் அன்னப்பறவைகள் இப்படித்தான் ஏராளமாகச் செத்தன. அதனால் 1987 முதல் 28 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயக் குண்டுகளின் விற்பனை அங்கே தடை செய்யப்பட்டது. பிறகு பறவைகளின் எண்ணிக்கை மீண்டது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்கு உட்பட்ட ஈயக் குண்டுக்கு 1997 முதல் தடை உண்டு. நம் பக்கம் பலர் சிறு ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் ஒட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

குளத்தில் விழுந்த ஈயக் குண்டால் தண்ணீர் முழுதும் நஞ்சாகிவிடும் என்று சிலர் அச்சமூட்டுகிறார்கள். அது மிகை. நம் பகுதியின் உவர்ப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் ஈயத்தின் மேல் ஒரு படலம் படிந்து, கரைவது மிக மெதுவாகவே நடக்கும். கவலைப்பட வேண்டிய இடம் குளமல்ல, வீட்டு அடுப்பு.

இரும்புக்கு மாறும் கணக்கு

ஈயத்துக்குப் பதில் எதைக் கட்டினாலும், நீருக்குள் அதன் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றில் குடத்தை இழுக்கும்போது தண்ணீருக்குள் இலேசாகவும் வெளியே வந்ததும் கனமாகவும் இருக்கிறதே, அதே சங்கதிதான். ஈயம் தன் எடையில் நூற்றுக்கு 9 பங்கை நீரில் இழக்கும். இரும்பு 13 பங்கு, கருங்கல் 37 பங்கு, சுட்ட களிமண் ஏறக்குறைய பாதி. எனவே 60 கிராம் ஈயம் செய்யும் வேலைக்கு 63 கிராம் இரும்பு போதும். கருங்கல் என்றால் 87 கிராம், சுட்ட மண் என்றால் 110 கிராம் வேண்டும். கல்லும் மண்ணும் பருமனாக இருப்பதால் தண்ணீரின் இழுப்பும் கூடும். அசையாத தூண்டிலுக்கு அவை நல்லவை, செலவே இல்லை. நகரும் தூண்டிலுக்கு இரும்புதான்.

கட்டடம் கட்டுமிடத்தில் மிஞ்சும் 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைத் தேடுங்கள். மீட்டருக்கு 1.58 கிலோ எடை என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அதில் 2 சென்டிமீட்டர் துண்டு 32 கிராம். 4 சென்டிமீட்டர் 63 கிராம். 6 சென்டிமீட்டர் 95 கிராம். முன்னே சொன்ன ஆழக் கணக்கோடு இது பொருந்திவிடுகிறது. ஏழு முழம் ஆழத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கம்பி, பதினான்கு முழத்துக்கு நான்கு, இருபத்தொரு முழத்துக்கு ஆறு. தராசே வேண்டாம், அளவுகோல் போதும்.

வெட்டிய துண்டை வளைத்த கம்பியோடு சேர்த்து வைத்து, கட்டுக்கம்பியால் இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்டலாம். முறுக்குக் கம்பியின் வரிகள் கட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். நமக்குப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கடைசல் வைத்திருப்பவரிடம் கொடுத்து நடுவே துளை போட்டுக் கோத்துக்கொண்டால் இன்னும் நேர்த்தி. சோமனூர் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் நட்டுகளும் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டு 15 முதல் 17 கிராமும், 16 மில்லிமீட்டருக்கானது 30 முதல் 35 கிராமும் இருக்கும். துருப்பிடிக்காமலிருக்க ஒரு கை பெயின்ட் அடித்தால் போதும்.

ஏற்கெனவே ஈயக் குண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிணற்றிலோ குப்பையிலோ எறியக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் வைத்து, பழைய பாட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடவும். பாட்டரியையும் உடைக்காமல் அப்படியே கொடுக்கவும்.

பரிசலை அடக்குவது

பரிசல் வட்டமானது. காற்றடித்தால் நகர்வதோடு சுழலவும் செய்யும். சுழன்றால் நரம்பு பரிசலைச் சுற்றிக்கொள்ளும். ஒரு யூரியாச் சாக்கின் வாயை மூங்கில் வளையத்தில் விரித்துத் தைத்து, நான்கு முழக் கயிற்றில் காற்று வரும் பக்கத்து விளிம்பில் கட்டித் தண்ணீரில் விடுங்கள். சாக்கில் நீர் நிறைந்து பரிசலைப் பின்னிழுக்கும். வேகமும் குறையும், சுழற்சியும் அடங்கும். தூண்டிலை அதே பக்கமாகவே இறக்க வேண்டும். ஆனால் சாக்குக் கயிற்றை விட்டு இரண்டு முழம் தள்ளி இறக்கவும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால், குளத்தின் மேற்குக் கரையில் தொடங்கிக் கிழக்கே மிதந்து போவது எளிது. துடுப்புப் போடும் வேலையே குறைவு. ஆனி, ஆடியில் அந்தக் காற்றே எதிரியாகிவிடும். காற்றாலைகள் விடாமல் சுழலும் நாட்களில் பரிசல் இறக்கக் கூடாது.

இரைக்கு மண்புழுவும், செத்த சிறு கெண்டைக் குஞ்சும், கோழிக் குடலும் ஏற்றவை. வாளை இருட்டியபின் நன்றாக மேயும். என்றாலும் இரவில் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். பொழுது சாயும் நேரம் போதும். குண்டு அடி தட்டியதும் ஒரு சாண் தூக்கி, பிறகு மெல்ல இறக்கி, ஓரிரு முழத்துக்கு ஒரு தட்டு விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும். விடாமல் உரசினால் நரம்பு அதிகம் போயிருக்கிறது என்று பொருள். தட்டு நின்று, ஈரத்துணி தொங்குவதுபோல் கனத்தால் மீன் வாய் வைத்திருக்கிறது. உடனே சுண்டி இழுப்பதே பலர் செய்யும் தவறு. கையை அரை முழம் பின்னால் விட்டுக்கொடுத்து, மீன் இரையை உள்வாங்கியபின் நிதானமாக இழுக்க வேண்டும். கைநரம்பு பிடிப்போர் ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிக்கொண்டால், பெரிய வாளை ஓடும்போது விரல் அறுபடாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பக் குளத்தில் விடக் கூடாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட அந்த மீன், மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று குளத்தையே காலி செய்துவிடும்.

பரிசலில் இருவராகப் போக வேண்டும். உயிர்காப்பு உடை இல்லாவிட்டால், மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றையாவது ஆளுக்கொன்றாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பவானிசாகர், அமராவதி நீர்த்தேக்கங்களில் முதலைகள் உண்டு; அங்கே மீன் கழுவக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. அணைகள் பலவற்றில் மீன்பிடி உரிமை 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் உள்ளது. ஊர்க் குளங்களில் அது குத்தகைதாரரிடம் இருக்கும். பரிசலைத் தூக்கிக்கொண்டு போகுமுன் அணையானால் மீன்வள அலுவலகத்திலும், குளமானால் ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளவும்.